ஏற்காட்டுக் குளிரில் கை விறைக்காமல் இருக்க: சைக்கிளுக்கும் மலைநடைக்கும் காற்றுப் புகாத கையுறை தேர்ந்தெடுக்கும் முறை

ஏற்காட்டுக்குச் சைக்கிளில் ஏறத் தொடங்கும் புதியவர்கள் கையுறைக் கடையில் கேட்கும் முதல் கேள்வி, எது நல்ல தடிமன் என்பதுதான். பணம் வீணாகத் தொடங்குவதும் அந்தக் கேள்வியில்தான். தடித்த கையுறை ஏற்றத்தில் கையை வேர்வையில் ஊறவைக்கும். இறக்கத்தில் பிரேக்கை உணரவிடாது. ஏற்காடு அமர்ந்திருக்கும் சேர்வராயன் மலையின் குளிர் கடுமையானதல்ல. அந்தக் குளிரை விரலுக்குள் ஏற்றும் காற்றைத்தான் தடுக்க வேண்டும். மெல்லியதாக, காற்றுப் புகாததாக, பிரேக் லீவர் விரலுக்குத் தெரிகிறதாக ஒரு ஜோடி இருந்தால் போதும்.

கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். அளவெடுக்காமல் கடைக்குப் போகிறவர்களும், நெஞ்சைத் திறந்துவிட்டுக் கையை மட்டும் மூடுகிறவர்களும் இரண்டாவது ஜோடி வாங்க மறுபடி வருவதைப் பார்க்கிறேன்.

முன்கூட்டித் தேவையானவை

ஒரு தையல் டேப். மலையில் அணியப்போகும் ஜாக்கெட் அல்லது முழுக்கைச் சட்டை. கைபேசி. முடிந்தால் உங்கள் சைக்கிள்; இல்லாவிட்டால் சைக்கிள்களும் நிறுத்தி வைத்திருக்கும் கடை. நடைக்கோல் வைத்திருப்பவர்கள் அதையும் கொண்டுபோகலாம்.

சேலத்து வெயிலில் அலைந்துவிட்டு நேராகக் கையுறை போட்டுப் பார்க்காதீர்கள். வெப்பத்தில் கை சற்று உப்பியிருக்கும். அப்போது பிடித்த அளவு குளிரில் தொளதொளக்கும். பத்து நிமிடம் நிழலில் ஆறிய பிறகு தொடங்குங்கள்.

1. கை எங்கே குளிர்கிறது என்று முதலில் எழுதுங்கள்

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டரில். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. சேலம் அஸ்தம்பட்டியில் 20 டிகிரி இருக்கும் விடிகாலையில் ஏற்காட்டில் 12 டிகிரியை எதிர்பார்க்கலாம். டிசம்பர், ஜனவரியில் சில நாட்கள் அதற்கும் கீழே இறங்கும்.

12 டிகிரியில் சும்மா நிற்கிறவர் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டால் வேலை முடிந்தது. சைக்கிளில் இறங்குகிறவருக்கு அந்த வசதி கிடையாது.

இறக்கத்தில் நடப்பதைக் கவனியுங்கள். சேலம்-ஏற்காடு சாலையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் மிதிக்க வேண்டிய தேவை அநேகமாக இல்லை. உடம்பு சூடு உண்டாக்குவது நின்றுவிடுகிறது. நேரான துண்டுகளில் மணிக்கு 30, 40 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்காற்று விரல் முட்டிகளில் மோதுகிறது. விரல்களோ பிரேக்கைப் பிடித்தபடி அசையாமல் கிடக்கின்றன. 10 டிகிரி வெப்பநிலையில் மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று அடித்தால் திறந்த தோலுக்கு அது 6 டிகிரி போலத் தெரியும் என்கிறது வானிலையாளர்களின் காற்றுக்குளிர்க் கணக்கு. அதுவும் உலர்ந்த தோலுக்கு. ஏற்றத்தில் வேர்த்து நனைந்த கை என்றால் நிலைமை இன்னும் மோசம்.

நடைக்காரர்களுக்குக் கணக்கு வேறு. காபித் தோட்டங்களுக்குள் சில்வர் ஓக் நிழலில் நடக்கும்வரை காற்றே தெரியாது, கையுறையும் வேண்டியிருக்காது. சேர்வராயன் கோயில் இருக்கும் மேட்டுக்கு வந்துவிட்டால் மரம் கிடையாது. 1,600 மீட்டருக்கு மேல் திறந்தவெளி. காற்று நாலு பக்கமும் அடிக்கும். லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் போன்ற விளிம்புகளில் விடியலுக்காகக் காத்து நிற்கும் அரைமணி நேரத்தில்தான் பலருக்கு விரல் விறைக்கிறது. நடந்த நேரத்தில் அல்ல.

ஒரு தாளில் உங்கள் வழியை ஏற்றம், மேலே நிற்கும் நேரம், இறக்கம் என்று மூன்றாகப் பிரித்து, எங்கே கை குளிர்ந்தது என்று குறியுங்கள். இன்னொரு மலைப்பாதையான குப்பனூர் வழியாக ஏறி அடிவாரம் வழியாக இறங்குகிறவர்களும் அப்படியே செய்யலாம். வாங்கப்போகும் கையுறை அந்த ஒரு பகுதிக்குத்தான். மூன்றுக்கும் சேர்த்து ஒன்று தேடினால் மூன்றுக்கும் உதவாத ஒன்றுதான் அமையும்.

2. குளிரா, அழுத்தமா என்று பிரித்துப் பாருங்கள்

சைக்கிள் ஓட்டுகிறவர்கள் இந்தப் படியைத் தாண்டிவிடக் கூடாது. கை மரத்துப்போவதற்கெல்லாம் குளிரே காரணம் என்று நினைத்துத் தடித்த கையுறை வாங்குகிறவர்கள் நிறையப் பேர்.

சுண்டுவிரலும் மோதிரவிரலும் மட்டும் மரத்தால், அது பெரும்பாலும் நரம்பு அழுத்தம். உள்ளங்கையின் அடியில் சுண்டுவிரல் பக்கமாக ஓடும் நரம்பை ஹேண்டில்பார் நசுக்குகிறது. சேலத்து மே மாத வெயிலிலும் இது வரும். சீட்டின் சாய்வையும் ஹேண்டில்பாரின் உயரத்தையும் சரிசெய்து, அடிக்கடி பிடியை மாற்றுவதுதான் இதற்கு மருந்து. எந்தக் கையுறையும் இதைத் தீர்க்காது. தவறான இடத்தில் தடித்த ஜெல் பேட் இருந்தால் அழுத்தம் கூடவும் செய்யும்.

எல்லா விரல்களின் நுனியும் சேர்ந்து வெளிறி, வலித்து, பிறகு உணர்விழந்தால் அது குளிர். உடம்பு தன் நடுப்பகுதியின் சூட்டைக் காக்க விரல்களுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கிக்கொள்கிறது. இந்த வழிகாட்டி இப்படிக் குளிரால் விரல் விறைக்கிறவர்களுக்கு.

லேசான குளிரிலேயே விரல் சுண்ணாம்பு வெள்ளையாகி, நீலமாகி, பிறகு சிவந்து எரிந்தால் கடைக்குப் போகும் முன் மருத்துவரைப் பாருங்கள். ரேனாட் என்ற ரத்தக்குழாய்ச் சிக்கலாக இருக்கலாம்.

3. கைக்கு முன் நெஞ்சை மூடுங்கள்

சொன்ன காரணமேதான். நெஞ்சு குளிர்ந்தால் உடம்பு விரலுக்கு ரத்தம் அனுப்புவதைக் குறைக்கும். அதற்குப்பின் எவ்வளவு விலையுள்ள கையுறையும் வெறும் உறைதான். கையுறை தானாகச் சூடு தராது. உள்ளே வரும் சூட்டை வெளியே விடாமல் வைக்கும், அவ்வளவே.

மடித்தால் கைக்குள் அடங்கும் மெல்லிய காற்றுத் தடுப்பு ஜாக்கெட் ஒன்றும், காதை மூடும் துணியும் முதலில் வாங்குங்கள். ஜாக்கெட் இல்லாத நாளில் இறங்கும் முன் டீக்கடையில் ஒரு பழைய நாளிதழை வாங்கிச் சட்டைக்குள் நெஞ்சோடு விரித்துச் செருகிக்கொள்ளுங்கள். சைக்கிள் பந்தயக்காரர்கள் வெகுகாலமாகச் செய்யும் வேலை. கேலிக்குரியதாகத் தோன்றும், பலன் உண்டு.

இதைச் செய்த பிறகும் விரல் விறைத்தால் மட்டும் அடுத்த படிக்கு வாருங்கள். சிலருக்குக் கையுறைச் செலவு இங்கேயே மிச்சமாகிவிடும்.

4. கையை அளவெடுங்கள்

அதிகம் புழங்கும் கையை அளக்க வேண்டும். அது மற்றதைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். கட்டைவிரலை விட்டுவிட்டு, நான்கு விரல் முட்டிகளின் மேலாக உள்ளங்கையைச் சுற்றி டேப்பை வையுங்கள். கையை லேசாக மடக்கிக்கொள்ளுங்கள், இறுக்காதீர்கள். பிறகு நடுவிரல் நுனியிலிருந்து மணிக்கட்டின் மடிப்புவரை நீளம். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எண்ணால் குறிக்கும் ஐரோப்பிய வேலைக் கையுறைகளில் 8 என்பது சுமார் 20 சென்டிமீட்டர் சுற்றளவு, 9 என்பது சுமார் 23. எஸ், எம், எல் என்ற எழுத்துக்களை நம்பாதீர்கள். ஒரு நிறுவனத்தின் எம் இன்னொன்றின் எல்லாக இருக்கும். அந்தந்த நிறுவனத்தின் அளவு அட்டவணையோடுதான் உங்கள் எண்ணை ஒப்பிட வேண்டும்.

இரண்டு அளவுக்கு நடுவே கை விழுந்தால், உள்ளே ஒரு மெல்லிய கையுறை அணியும் எண்ணம் இருந்தால் பெரியதை எடுங்கள். இறுக்கமான கையுறை இரண்டு வகையில் கெடுக்கும்: ரத்த ஓட்டத்தைத் தடுக்கும், சூட்டைப் பிடித்து வைக்கும் காற்றுப் படலத்தையும் நசுக்கிவிடும். ‘போடப் போட நெகிழ்ந்துவிடும் சார்’ என்று கடையில் சொல்வார்கள். தோல் நெகிழும். காற்றுத் தடுப்புச் சவ்வு வைத்துத் தைத்தது அவ்வளவாக நெகிழாது.

5. வகையை முடிவு செய்யுங்கள்

குளிர் காலத்தில் மலைமேல் தெருவோரக் கடைகளில் தொங்கும் கம்பளிப் பின்னல் கையுறை நின்ற இடத்தில் கதகதப்பாக இருக்கும். சைக்கிளில் ஏறியதும் பின்னலின் ஒவ்வொரு கண்ணிலும் காற்று நுழையும். ஹேண்டில்பாரில் வழுக்கவும் செய்யும். வெளியுறையாக அதை வாங்காதீர்கள். உள்ளுறையாக ஆகுமா என்று பார்க்கலாம்.

மோட்டார்சைக்கிள் கையுறை இன்னொரு பொறி. முட்டிக் காப்பு, தடித்த உள்ளங்கை எல்லாம் விழுந்தால் காக்க வந்தவை. அதைப் போட்டுக்கொண்டு சைக்கிளின் கியர் லீவரைத் தேடிப் பாருங்கள், புரிந்துவிடும். மணாலிப் பயணத்துக்கு வாங்கிய பனிச்சறுக்குக் கையுறை வீட்டில் இருந்தால் அது அங்கேயே இருக்கட்டும். பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும் இடங்களுக்கானது அது. ஏற்காட்டில் இருபது நிமிடத்தில் கை வேர்வையில் குளித்துவிடும்.

நியோப்ரீன் என்ற ரப்பர் நுரைக் கையுறை காற்றையும் நீரையும் நன்றாகத் தடுக்கும். வேர்வையையும் வெளியே விடாது. மழையில் இறங்குவதற்கு மட்டும் என்றால் சரி.

சேர்வராயன் மலைக்குப் பொருந்துவது இதுதான்: புறங்கையிலும் விரல்களின் மேல்புறத்திலும் காற்றுத் தடுப்புத் துணி, உள்ளே மெல்லிய ஃப்ளீஸ் (பஞ்சுபோன்ற செயற்கைத் துணி), உள்ளங்கையில் பிடிப்புள்ள மெல்லிய செயற்கைத் தோல். சைக்கிளில் உள்ளங்கை ஹேண்டில்பாரில் பதிந்திருப்பதால் அங்கே காற்றுத் தடுப்பு தேவையில்லை. அந்த இடம் மூச்சுவிடுகிறதாக இருந்தால் வேர்வை வெளியேறும்.

காற்றுத் தடுப்பும் நீர்த் தடுப்பும் வேறு வேறு. நீர் புகாதது காற்றும் புகாதது. காற்றுப் புகாதது நீர் புகாததாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எதற்கும் இருக்கட்டுமே என்று முழு நீர்த் தடுப்பு வாங்குகிறவர்கள் வருடத்தில் சில மழை நாளுக்காக மற்ற நாளெல்லாம் வேர்வையில் கை ஊற ஓட்டுகிறார்கள். மழைக்கு வேறு வழி இருக்கிறது. ஒன்பதாம் படியில் சொல்கிறேன்.

6. லேபிளைப் படியுங்கள்

‘விண்ட்புரூஃப்’ என்று இருந்தால் காற்று புகாத சவ்வோ நெருக்கமான நெசவோ உள்ளே இருக்கிறது என்று பொருள். ‘விண்ட் ரெசிஸ்டன்ட்’ என்றால் ஓரளவு தடுக்கும்; மலைநடைக்குப் போதும், நீண்ட இறக்கத்துக்குப் போதாது. ‘வாட்டர் ரிப்பெலன்ட்’ என்பது நீரை ஒட்டவிடாமல் மேலே பூசிய ஒரு பூச்சு. சில துவைப்புகளில் அதன் வீரியம் குறையும்.

வேலைக் கையுறைகள் சிலவற்றில் பனித்துகள் படத்தோடு ‘ஈஎன் 511’ என்ற ஐரோப்பியக் குளிர்க்காப்புத் தரக் குறி இருக்கும். கீழே மூன்று இலக்கங்கள்: குளிர்காற்றுக்கு 0 முதல் 4 வரை, குளிர்ந்த பொருளைத் தொடுவதற்கு 0 முதல் 4 வரை, நீர் புகாமைக்கு 0 அல்லது 1. சைக்கிள் கையுறைகளில் இதை எப்போதும் எதிர்பார்க்க முடியாது. இருந்தால் முதல் இலக்கத்தைப் பாருங்கள். மற்றது நமக்கு இரண்டாம்பட்சம்.

புறங்கைத் துணி எது, உள்ளங்கைத் துணி எது என்று தனித்தனியாக எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். மொத்தமாக ‘பாலியெஸ்டர்’ என்று ஒரே சொல்லில் முடிந்திருந்தால் சவ்வு இருக்க வாய்ப்பு குறைவு. ஊகிக்க வேண்டாம், அடுத்த படியில் சோதித்துவிடலாம்.

7. கடையில் சோதியுங்கள்

இந்தப் படிக்கு நேரம் ஒதுக்குங்கள். கூட்டம் இல்லாத வேலைநாள் காலையில் போனால் கடைக்காரரும் முகம் சுளிக்க மாட்டார். ‘அண்ணா, அந்த சைக்கிள் ஹேண்டில்பாரில் கை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன்’ என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

*ஊதிப் பார்த்தல்.* புறங்கைத் துணியை ஒரு கையால் இழுத்துப் பிடித்து, கைக்குட்டையைச் சுருட்டிக் குழாய்போல வாயில் வைத்து அதன் வழியாக வேகமாக ஊதுங்கள். மறுபுறம் மற்றக் கை. மூச்சு தெரிந்தால் காற்றும் தெரியும். நேராக வாய் வைத்து ஊதினால் விற்காத சரக்கை எச்சில் படுத்துகிறீர்கள் என்று கடைக்காரர் நினைப்பார்; நினைப்பதும் நியாயமே. விரல்களுக்கு இடையே உள்ள பட்டையையும் ஊதிப் பாருங்கள். செலவைக் குறைக்க அங்கே சாதாரணத் துணி வைத்திருப்பார்கள்.

*முட்டி மடக்கல்.* இறுக்கமாக முட்டி பிடியுங்கள். புறங்கை இழுபட்டு விரல் நுனியில் அழுத்தினால் சிறியது. கையை விரிக்கும்போது உள்ளங்கையில் துணி சுருண்டு மடிந்தால் பெரியது. அந்த மடிப்புதான் ஒருமணி நேர இறக்கத்தில் கொப்புளமாகும்.

*பிரேக்.* எல்லாவற்றிலும் முக்கியமானது. ஹேண்டில்பாரில் கையை வைத்து, நீங்கள் வழக்கமாகப் பிரேக் பிடிக்கும் ஒரு விரலாலோ இரண்டு விரலாலோ லீவரை மெதுவாக இழுங்கள். கவனிக்க வேண்டியது விரல் நுனி. கையுறையின் நுனியில் காலித் துணி அரை சென்டிமீட்டர் நீண்டு தொங்கினால், விரலை விடும்போது அது லீவரின் பின்னால் மாட்டும். வளைவில் பிரேக்கை விட்டுப் பிடிக்கும் அந்த நொடியில் அது ஆபத்து. மறுபக்கம், லீவரை முழுக்க இழுக்கும்போது மீதி விரல்களின் தடிமன் நடுவே சிக்கி லீவர் பாதியில் நிற்கக் கூடாது. இரண்டும் சரியாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கியரை மாற்றுங்கள். எது மேல், எது கீழ் என்று விரலுக்குத் தெரிய வேண்டும்.

*கட்டைவிரல்.* பெருவிரல் பிளவில் ஓடும் தையலைத் தடவிப் பாருங்கள். ஹேண்டில்பாரைப் பிடிக்கும்போது முழுப் பாரமும் அந்தப் பிளவில்தான் விழுகிறது. தடித்த தையல் அங்கே வந்தால் தோல் சிவக்கும். பெருவிரலின் பின்புறம் மென்மையான துணி இருந்தால் நல்லது. குளிரில் மூக்கு ஒழுகும். துடைக்க வேறு எதுவும் கையில் இருக்காது.

*மணிக்கட்டு.* கொண்டுவந்த ஜாக்கெட்டைப் போட்டு, கையை முன்னால் முழுக்க நீட்டுங்கள். ஜாக்கெட்டுக்கும் கையுறைக்கும் நடுவே தோல் தெரிந்தால் அந்தக் கையுறையை வைத்துவிடுங்கள். அந்த இரண்டு விரற்கடை இடைவெளி வழியாக உள்ளே போகும் காற்று மற்றதையெல்லாம் வீணாக்கும். மணிக்கட்டில் வெல்க்ரோ பட்டை இருந்தால், கையுறை போட்ட மற்றக் கையால் அதைப் பிரித்து ஒட்ட முடிகிறதா என்று பாருங்கள்.

*கைபேசி.* திரையைத் தொடும் நுனி என்று எழுதியிருப்பார்கள். அழைப்பை எடுக்கப் போதும். தட்டச்சு செய்ய உதவாது. இதற்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

நிறத்தில் ஒரே ஒரு கவனம். ஏற்காட்டு மலைப்பாதையில் மூடுபனி இறங்கினால் பின்னால் வரும் பஸ் ஓட்டுநருக்கு உங்கள் கை சைகை தெரிய வேண்டும். கறுப்பைத் தவிருங்கள், அல்லது புறங்கையில் ஒளி எதிரொளிக்கும் பட்டை இருப்பதாக எடுங்கள்.

8. நடைக்கு மட்டும் வாங்குகிறவர்களுக்கு

நடையில் பிரேக் இல்லை. ஆனால் கை வேறு வேலைகள் செய்யும். ஷூ நாடா கட்ட வேண்டும், பையின் ஜிப்பைத் திறக்க வேண்டும், ஏற்றத்தில் வேரையோ பாறையையோ பிடிக்க வேண்டும். ஜிப்பின் சிறு நாக்கைப் பிடிக்க முடிகிறதா என்பதே இங்கே முதல் சோதனை.

பாறையைப் பிடிக்கும் உள்ளங்கைக்கு மெல்லிய தோலோ கெட்டியான செயற்கைத் தோலோ வேண்டும். பிடிப்புக்காக ஒட்டியிருக்கும் சிலிக்கோன் புள்ளிகள் கரடான பாறையில் சீக்கிரம் உரிந்துவிடும். நடைக்கோல் பிடிக்கிறவர்கள் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே கூடுதல் துணி இருக்கிறதா என்று பாருங்கள். கோலின் வார் உரசுவது அங்கேதான்.

கிளியூர் அருவிக்கு இறங்கும் ஈரப் பாதை போன்ற இடங்களில் கையுறையைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுங்கள். ஈரப் பாசி படிந்த கல்லை வெறும் கை உணரும் அளவுக்கு எந்தக் கையுறையும் உணராது.

சைக்கிளும் நடையும் இரண்டும் உண்டு என்றால், சைக்கிளுக்குப் பொருந்துவதை வாங்கி நடைக்கும் பயன்படுத்துங்கள். தலைகீழாகச் செய்தால் பிரேக்கில் மாட்டிக்கொள்வீர்கள்.

9. மழைக்கும் மூடுபனிக்கும் மாற்று ஏற்பாடு

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மலைமேல் மழை பெய்யாவிட்டாலும் மூடுபனியே கையுறையை நனைத்துவிடும். ஈரமான துணி சூட்டைக் காப்பதில்லை. நீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும்.

மருந்துக்கடையில் கிடைக்கும் மெல்லிய நைட்ரைல் (செயற்கை ரப்பர்) கையுறை ஒரு ஜோடி பைக்குள் வைத்திருங்கள். மழை வந்தால் அதை அடியில் போட்டு, மேலே வழக்கமான கையுறையைப் போடுங்கள். வெளியே போட்டால் பிரேக் லீவரில் வழுக்கும். உள்ளே வேர்க்கத்தான் செய்யும், ஆனால் காற்று படாத வெதுவெதுப்பான ஈரம் அரைமணி நேரத்துக்குத் தாங்கும். கீழே வந்ததும் கழற்றிவிடுங்கள். உள்ளே இன்னொன்று அணிவதென்றால் ஓர் அளவு பெரிதாக வாங்கச் சொன்னதன் இன்னொரு காரணம் இது.

சிலர் கையில் பாலிதீன் பையைச் சுற்றிக்கொள்வார்கள். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருப்பதை விடுங்கள்; பிரேக்கில் அது வழுக்கும் என்பதே அதை விலக்கப் போதுமான காரணம்.

10. மலையில் போடும் நேரம், கழற்றும் நேரம்

நல்ல கையுறையையும் தவறான நேரத்தில் போட்டுக் கெடுக்கலாம். புதியவர்கள் அடிவாரத்திலேயே மாட்டிக்கொண்டு ஏறத் தொடங்குவார்கள். ஐந்தாவது வளைவுக்குள் உள்ளே ஈரம். மேலே போய் டீ குடித்துவிட்டு அந்த ஈரக் கையுறையோடு இறங்கி, ‘கையுறை சரியில்லை’ என்பார்கள்.

ஏற்றத்தில் கையுறை வேண்டாம். தேவைப்பட்டால் விரல் நுனி திறந்த சாதாரணச் சைக்கிள் கையுறை போதும். காற்றுத் தடுப்பு ஜோடியைப் பைக்குள், நனையாத உறையில் வைத்திருங்கள்.

மேலே சேர்ந்ததும் கையைத் துடைத்து உலர்த்துங்கள். டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து விரல்களைச் சூடாக்குங்கள். கை சூடாக இருக்கும்போதே கையுறையை மாட்டுங்கள். விறைத்த பிறகு மாட்டினால், உள்ளே காக்கச் சூடு ஏதும் இருக்காது. இறங்கும் முன் சிகரெட் வேண்டாம். நிகோட்டின் விரல்களின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும்.

இறக்கத்தில் நேரான துண்டு வரும்போது ஒவ்வொரு கையாக எடுத்து விரல்களை மடக்கி விரியுங்கள். மற்றக் கை பிரேக்கில் இருக்கட்டும். ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுவது மலைப்பாதை விதி. அந்த நிறுத்தங்களையும் விரலை அசைக்கப் பயன்படுத்துங்கள்.

லீவர் எவ்வளவு இழுபட்டிருக்கிறது என்று விரலுக்குத் தெரியாமல் போனால் உடனே ஓரமாக நிறுத்துங்கள். அடிவாரம் பக்கத்தில்தான் என்று ஓட்டாதீர்கள். இறங்கி நின்று, கைகளை முழு வட்டமாக வேகமாகச் சுழற்றுங்கள். சுழற்சியில் ரத்தம் விரல் நுனிவரை தள்ளப்படும். பிறகு அக்குளில் வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார்சைக்கிள் சைலன்சரிலோ அடுப்பிலோ காட்ட வேண்டாம். உணர்விழந்த தோலுக்குச் சுடுவது தெரியாது.

11. துவைத்தல், காயவைத்தல், எடுத்துவைத்தல்

வேர்வை உப்பு தங்கினால் சவ்வின் நுண்துளைகள் அடைபடும். வெல்க்ரோவை ஒட்டிவிட்டு, குளிர்ந்த நீரில், மென்மையான சோப்புக் கரைசலில் கையால் அலசுங்கள். துணியை மென்மையாக்கும் திரவம் வேண்டாம். அது நுண்துளைகளை அடைத்து மேல்பூச்சையும் கெடுக்கும். முறுக்கிப் பிழியாதீர்கள், உள்தையல் விட்டுப்போகும். துண்டில் வைத்து அழுத்தினால் போதும்.

வெயிலில் போட வேண்டாம். சேலத்து மதிய வெயில் செயற்கைத் தோலை வறட்டிவிடும். நிழலில், விரல்கள் மேல்நோக்கி இருக்குமாறு, மணிக்கட்டு வாயைத் திறந்து தொங்கவிடுங்கள். உள்ளே முழுக்க உலர மறுநாள்வரை ஆகலாம்.

பிப்ரவரிக்குப் பிறகு அடுத்த குளிர்காலம்வரை இதற்கு வேலை இல்லை. பாலிதீன் பையில் கட்டி அலமாரி மூலையில் போடாதீர்கள். அடைபட்ட ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், செயற்கைத் தோலின் மேலுள்ள பாலியூரித்தேன் பூச்சு பிசுபிசுத்து உதிரும். துணிப்பையில், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். நவம்பரில் எடுத்ததும் புறங்கையை மறுபடி ஒருமுறை ஊதிப் பார்த்து, உள்ளங்கைப் பூச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். துகளாக உதிர்ந்தால் பிரேக்கில் பிடிப்பு இருக்காது. நடைக்கு ஒதுக்கிவிட்டு, எழுதிவைத்த கை அளவோடு கடைக்குப் போகலாம்.